வயது போன கிரேஹவுண்ட்: அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

வயது போன நாய்க்கு எது வந்தாலும் எங்கள் ஊரில் ஒரே பேச்சுத்தான்: “வயசு போட்டுதெல்லோ, இனி என்ன செய்யிறது?” நொண்டினாலும் அதுதான், சாப்பாட்டை விட்டாலும் அதுதான், இரவிரவாய் ஊளையிட்டாலும் அதுதான். ஆனால் வயது ஒரு வருத்தம் இல்லை. வயது போன உடம்பில் வருத்தம் வரும். அதற்கு ஒரு பெயர் இருக்கும், பெரும்பாலும் மருந்தும் இருக்கும். மருந்து இல்லாத இடத்திலும் நோவைக் குறைக்க வழி இருக்கும்.

கிரேஹவுண்ட், அதன் கலப்பு, சிப்பிப்பாறை, கன்னி போன்ற கால் நீண்ட, நெஞ்சு ஆழமான, ஒல்லியான நாய்களை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் இப்படி ஒரு நாயைப் பிள்ளைகள் ஆசையோடு வாங்கியிருப்பார்கள். பிறகு பிள்ளைகள் கனடாவுக்கோ லண்டனுக்கோ போய்விட, அம்மாவும் அப்பாவுமே அதை வயது போகும்வரை பார்ப்பார்கள். அந்த அம்மாவும் அப்பாவும் வாசித்து விளங்கும்படி எழுதுவதுதான் என் எண்ணம். கிரேஹவுண்ட் பொதுவாக 10 முதல் 13 வயது வரை இருக்கும். எட்டு வயதில் இருந்தே கவனிக்கத் தொடங்குங்கள்.

நல்லாய் இருக்கும்போதே பார்த்து வைக்க வேண்டியவை

வருத்தம் வந்தபிறகு “வழமையாய் எப்படி இருந்தது?” என்று வைத்தியர் கேட்பார். அதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மேலுதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பாய் ஈரமாய் இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளிறி, இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். முரசு கறுப்பான நாய் என்றால் கீழ் இமையை இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். நித்திரையில் நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள், 30க்குக் குறைவாய் இருக்க வேண்டும். காய்ச்சல் கோலை ஆசனவாயில் வைத்துப் பார்க்கும்போது 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை சரி. மனிதருக்குக் காய்ச்சலாய்த் தெரிகிற அளவு நாய்க்குச் சாதாரணம். மூட்டை நிறுக்கிற தராசு உள்ள கடையில் மாதம் ஒருக்கால் நிறுத்து, கலண்டரில் எழுதி வையுங்கள். இந்த இன நாய்க்குக் கடைசி ஓரிரு விலா எலும்பு தெரிவது இயல்பு. முதுகுத்தண்டும் இடுப்பெலும்பும் கூராய்த் தள்ளி, நெற்றிச் சதை குழிந்தால் அது இயல்பு இல்லை.

நொண்டுகிறது

இதை நிதானமாய்ப் பார்க்க வேண்டும். ஒல்லி நாய்களில் நொண்டலுக்குச் சின்னக் காரணமும் இருக்கும், மிகப் பெரிய காரணமும் இருக்கும்.

முதலில் நாயை மாபிள் நிலத்திலும் மணலிலும் நடக்க விட்டுப் பாருங்கள். முற்றத்து மணலில் ஓரளவு நேராய் நடந்து, சீமெந்திலோ றோட்டிலோ நொண்டினால் உள்ளங்காலில் பிழை. பாதத்தைக் கழுவித் துடைத்து, ரோச் அடித்து ஒவ்வொரு மெத்தையாய்ப் பாருங்கள். கிரேஹவுண்டுக்குக் காலில் ஆணி வரும். மெத்தையின் நடுவில் வட்டமாய், சுற்றியுள்ள தோலைவிட வெளிறி, தொட்டால் சின்னக் கல்லுப் புதைந்த மாதிரிக் கெட்டியாய் இருக்கும். இரண்டு பக்கமும் பிடித்து நசித்தால் காலை இழுக்கும். எங்கள் வீட்டு நாய் நடு விரல்களை ஊன்றாமல் பாதத்தைச் சரித்து வைத்து நடந்தது. பார்த்தவர்கள் எல்லாம் இடுப்பு வாதம் என்றார்கள். ஆணியை வைத்தியர் செதுக்கி எடுத்த அன்று பின்னேரமே படலை வரை நடந்து வந்தது. ஆணி திரும்பவும் வளரும், திரும்பவும் செதுக்க வேண்டும். சவர அலகை எடுத்து நீங்களே வெட்டப் போக வேண்டாம்.

பாதத்தில் ஒன்றும் இல்லை, காலையில் எழும்பும்போது விறைத்து, பத்தடி நடந்தபிறகு இளகினால் மூட்டுத் தேய்வாய் இருக்கலாம். வாடைக்காற்று வீசுகிற மார்கழி, தை மாதங்களில் இது கூடும். கொழுப்பும் இல்லை, அடர்ந்த மயிரும் இல்லை என்பதால் எங்கள் குளிரே இந்த நாய்க்குப் பெரிய குளிர். வெறுந்தரையில் படுக்க விடாதீர்கள். தும்பு மெத்தை ஒன்றைச் சாக்கால் சுற்றி, மேலே பழைய பெட்சீற் விரியுங்கள். மாபிளில் வழுக்காமல் இருக்க, படுக்கும் இடத்தில் இருந்து சாப்பாட்டுக் கோப்பை வரை பாய் அல்லது றப்பர் விரிப்புப் போடுங்கள். விழுந்த பயத்தால் நடக்க மறுக்கிற நாய்கள் பல இருக்கின்றன. விரிப்புப் போட்டதும் அவை நடக்கும்.

பின்னங்கால் இரண்டும் தளர்ந்து, நகத்தின் மேல்பக்கம் தேய்ந்து, வாலை உயர்த்த மாட்டாமல், இடுப்புக்கு மேல் கையால் அழுத்தக் கத்தினால், முதுகெலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் நரம்பு நெரிபடுகிறது என்று சந்தேகியுங்கள். இதுவும் இந்த இனத்தில் அடிக்கடி வருவது. துள்ளல், படியேற்றம் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள். மருந்துக்குக் கேட்கிற வருத்தம் இது.

இனிப் பெரிய காரணம். கால் எலும்பில் வரும் புற்றுநோய் கிரேஹவுண்டுக்கு மற்ற இனங்களைவிட அதிகம். முன்னங்காலில் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் அருகில், பின்னங்காலில் முழங்காலைச் சுற்றி வரும். அடிபட்டதாய் ஞாபகம் இல்லை, ஓய்வு கொடுத்தாலும் நொண்டல் கூடிக்கொண்டே போகிறது, எலும்போடு ஒட்டிய கெட்டியான வீக்கம் சூடாய் இருக்கிறது, இரவில் முனகுகிறது என்றால் எக்ஸ்ரே எடுக்காமல் ஒரு கிழமையும் கடத்த வேண்டாம். எண்ணெய் தேய்த்து உருவுவது கூடவே கூடாது. அரித்த எலும்பு அந்த உருவலிலேயே முறியலாம்.

அதுதான் என்று உறுதியானால் சொல்லப்படும் கணக்கு கடினமானது. கண்டுபிடிக்கும் நேரத்தில் பெரும்பாலான நாய்களில் கண்ணுக்குத் தெரியாத அளவில் சுவாசப்பைக்குப் பரவியிருக்கும். காலை எடுத்தால் நோவு போகும். ஆயுள் சராசரியாய் நாலைந்து மாதம். அதற்கு மேல் புற்றுநோய் மருந்தும் ஏற்றினால் ஏறக்குறைய ஒரு வருடம். மூன்று காலில் நாய் நடக்குமா என்று பயப்படாதீர்கள், மற்றக் கால்கள் நல்லாய் இருந்தால் நடக்கும். ஆனால் அந்தளவு சிகிச்சைக்குக் கண்டிக்குப் பக்கத்தில் உள்ள பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தைத்தான் பெரும்பாலும் நாட வேண்டும். கண்டியில் இருந்து யாழ்ப்பாணம் வரும் ஏ9 வீதி மட்டும் 321 கிலோமீற்றர். காலை எடுக்காமல், நோவு மருந்தோடு கொஞ்சக் காலம் வைத்திருந்து, நோவு மருந்தை மீறும்போது விடைகொடுப்பதும் மரியாதையான முடிவுதான். அதைத் தெரிவு செய்தவர்களை யாரும் குறை சொல்லக்கூடாது.

நோவுக்கு எதைக் கொடுப்பது?

வீட்டில் இருக்கிற பனடோலை உங்கள் எண்ணத்துக்குக் கொடுக்க வேண்டாம். அளவு கூடினால் ஈரலையும் இரத்தத்தையும் கெடுக்கும். இபுபுரூபன், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். மனிதருக்கான மூட்டு நோவுக் குளிசை எதுவானாலும் இதே கதைதான்.

நாய்க்கென்று மெலொக்சிகம், கார்புரோஃபென் போன்றவை உண்டு. வைத்தியர் நிறை பார்த்து எழுதுவார். சாப்பாட்டோடு கொடுங்கள். சத்தி எடுத்தாலோ, மலம் தார் மாதிரிக் கறுத்துப் போனாலோ உடனே நிறுத்துங்கள். வேறு வருத்தத்துக்கு பிரெட்னிசொலோன் என்ற ஸ்டெரொயிட் மருந்து போய்க்கொண்டிருந்தால் அதை முதலே சொல்லுங்கள், இரண்டும் ஒன்றாகப் போகக்கூடாது.

சோர்ந்து படுத்திருக்கிறது, முரசு வெளிறிப் போச்சு

எங்கள் பக்கத்தில் முதல் சந்தேகம் உண்ணிக் காய்ச்சல். காதுக்குள், விரலிடுக்கில், வால் அடியில் உண்ணி தேடுங்கள். உண்ணி இல்லாததால் உண்ணிக் காய்ச்சல் இல்லை என்று முடிவெடுக்க வேண்டாம், கடித்துவிட்டு எப்போதோ விழுந்திருக்கும். மூக்கால் இரத்தம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளி, தேயிலைச் சாயம் போன்ற சிறுநீர், இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கொண்டு போங்கள். உண்ணியால் வரும் கிருமி ஒன்று அல்ல. ஒன்றுக்கு டொக்சிசைக்கிளின் கிட்டத்தட்ட நாலு கிழமை கொடுக்க வேண்டும், மற்றதற்கு வேறு மருந்து. மூன்றாம் நாள் எழும்பிச் சாப்பிட்டதும் குளிசையை நிறுத்துவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. நிறுத்தினால் வருத்தம் உள்ளே பதுங்கும்.

இங்கே கிரேஹவுண்டுக்கு மட்டும் உரிய ஒரு விசயம் இருக்கிறது. அதன் இரத்தக் கணக்கு மற்ற நாய்களின் கணக்கு அல்ல. செங்குருதிக் கலங்களின் வீதம் இயல்பாகவே 50 முதல் 65 வரை இருக்கும். மற்ற நாய்க்குச் சரியான 40, இதற்கு இரத்தம் குறைந்ததாய் இருக்கலாம். பிளேட்லெட் மறுபக்கம், இயல்பாகவே குறைவு. டெங்கு வந்த வீட்டில் எல்லோருக்கும் பிளேட்லெட் என்றால் பயம் வரும். ஆனால் கிரேஹவுண்டில் அது ஒன்றரை இலட்சத்துக்குக் கீழே இருப்பதை மட்டும் வைத்து வருத்தம் என்று சொல்ல முடியாது. தைரொயிட் அளவும் குறைவாய்த்தான் காட்டும், சிறுநீரகத்தைச் சோதிக்கப் பார்க்கிற கிரியற்றினின் சற்றுக் கூடுதலாய்க் காட்டும். இந்த இனத்தைக் காணும் வாய்ப்பு இங்குள்ள வைத்தியர்களுக்கு அதிகம் கிடைப்பதில்லை. அதனால் “இது கிரேஹவுண்ட், இதன்ர அளவுகள் வேற” என்று பணிவாய், ஆனால் தெளிவாய்ச் சொல்லுங்கள். நல்ல வைத்தியர் அதைக் குறையாய் எடுக்க மாட்டார்.

தண்ணியை அளவில்லாமல் குடிக்கிறது

கோடையில் எல்லா நாயும் குடிக்கும். ஆகவே அளந்து பாருங்கள். ஒன்றரை லீற்றர்ப் போத்தலால் காலையில் கோப்பையை நிரப்பி, மறுநாள் காலை வரை எவ்வளவு போனது என்று எழுதுங்கள். கிணற்றடி வாளியையும் தொட்டியையும் மூடி வையுங்கள், இல்லாவிட்டால் கணக்குப் பிழைக்கும். ஒரு கிலோ உடம்புக்கு நாளுக்கு 100 மில்லிலீற்றருக்கு மேல் போனால், அதாவது 30 கிலோ நாய் மூன்று லீற்றரைத் தாண்டினால், சிறுநீரகமா சீனி வருத்தமா என்று பார்க்க வேண்டும். காலைச் சிறுநீரைச் சுத்தமான போத்தலில் பிடித்துக் கொண்டு போங்கள். தண்ணீரைக் குறைக்க வேண்டாம், சிறுநீரகம் பழுதான நாய்க்கு அது ஆபத்து.

கருப்பை எடுக்காத பெட்டை நாய், பருவம் முடிந்து சில கிழமைக்குள் இப்படிக் குடித்து, சாப்பாட்டை விட்டு, பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருந்தால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். சீழ் வெளியே வராமலும் இருக்கும். அது ஒத்திவைக்கக்கூடிய சத்திரசிகிச்சை அல்ல.

வயிறு ஊதி, ஓங்காளிக்கிறது, ஒன்றும் வரவில்லை

இதை வாசிப்பதை நிறுத்திவிட்டு வாகனம் பிடியுங்கள். நெஞ்சு ஆழமான நாய்களில் இரைப்பை காற்றால் ஊதி முறுக்கிக்கொள்ளும். வாயால் எச்சில் வடியும், நிலைகொள்ளாமல் நடக்கும், வயிற்றைத் தட்டினால் பறை மாதிரி ஒலிக்கும். ஓமத் தண்ணியும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். சத்திரசிகிச்சைதான் வழி, அதுவும் சில மணி நேரத்துக்குள். இரவு இரண்டு மணிக்கு யாழ் நகரில் எந்த வைத்தியர் தொலைபேசி எடுப்பார், எந்த ஓட்டோக்காரத் தம்பி நாயை ஏற்றுவார் என்பதை இன்றைக்கே விசாரித்துச் சுவரில் எழுதி வையுங்கள்.

தோல் கிழிந்துவிட்டது

கிரேஹவுண்டின் தோல் மெல்லியது. முள்ளுக்கம்பியும், வேலியில் நீட்டி நிற்கிற பனைமட்டைக் கருக்கும் ஒரு உரசலில் கையகலத்துக்குக் கிழித்துவிடும். வளவைச் சுற்றி வந்து நாயின் தோள் உயரத்தில் நிற்கும் கருக்கை எல்லாம் சீவிவிடுங்கள்.

கிழிந்தால், கொதித்து ஆறிய ஒரு லீற்றர்த் தண்ணீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கழுவுங்கள். சுத்தமான துவாயால் அழுத்திப் பிடியுங்கள். கோப்பித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், கழிவு எஞ்சின் எண்ணெய் எதுவும் வேண்டாம். இலையான் மொய்க்காமல் பழைய ரீசேட் ஒன்றை மாட்டிவிடுங்கள். ஒரே நாளில் புழு வைக்கிற ஊர் இது.

தைக்கவோ வேறு சத்திரசிகிச்சைக்கோ போகும்போது இரண்டு சொல்ல வேண்டும். ஒன்று, தயோபென்டோன் வகை மயக்க ஊசி இந்த இனத்துக்கு ஒத்துவராது, தெளிய மிக நேரம் எடுக்கும், வேறு மயக்க மருந்துகள் இருக்கின்றன. மற்றது, சத்திரசிகிச்சை நல்லாய் முடிந்து வீடு வந்து, ஓரிரு நாள் கழித்து இரத்தம் கசியத் தொடங்கும் பழக்கம் கிரேஹவுண்டுக்கு உண்டு. தையலைச் சுற்றி நீலம் பாரித்துப் பரவினால் அடிபட்ட தழும்பு என்று விடாமல் திரும்பக் கொண்டு போங்கள். அதை நிறுத்த மருந்து இருக்கிறது.

திடீரென்று தலையைச் சரித்துக்கொண்டு விழுகிறது

கண்மணி இடமும் வலமுமாய்த் துடிக்கும், ஒரே பக்கமாய்ச் சுற்றும், சத்தி எடுக்கும். பார்க்கப் பயங்கரமாய் இருக்கும். “பாரிசவாதம், முடிஞ்சுது” என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பச் சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். வயது போன நாய்களில் உட்காதின் சமநிலை குழம்புவதால் இப்படி வருவது அதிகம். பெரும்பாலானவை இரண்டு மூன்று நாளில் தெளியத் தொடங்கி, இரண்டு மூன்று கிழமையில் நடக்கும். தலை கொஞ்சம் சரிந்தபடியே நிற்கலாம். வைத்தியரிடம் காட்டி, காதைப் பார்க்கச் சொல்லி, சத்திக்கு மருந்து வாங்கி, தண்ணியைக் கையால் பருக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. குணம் திடீரென மாறி, தாடை தொங்கி, எச்சில் வடிந்து, விழுங்க முடியாமல் இருந்தால், அதுவும் தடுப்பூசி ஒழுங்காய்ப் போடாத நாய் என்றால், வாய்க்குள் கை விடாதீர்கள். விசர்நாய் நோய் இன்னும் எங்கள் நாட்டை விட்டுப் போகவில்லை. கடியோ கீறலோ பட்டால் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இரவில் நடந்து திரிகிறது, மூலையில் நின்று விழிக்கிறது

மூளை தளர்வது நாய்க்கும் வரும். அதற்கு முன் நோவு, கண் பார்வை, தாகம், சிறுநீர் அவசரம் நான்கையும் கழித்துப் பாருங்கள். விறாந்தையில் சின்ன வெளிச்சம் விடுங்கள், தளபாடத்தை இடம் மாற்றாதீர்கள். பகலில் கொஞ்சம் நடத்தினால் இரவு நித்திரை வரும்.

சாப்பாட்டை மணந்துவிட்டுத் திரும்புகிறது

வாயைத் திறந்து பாருங்கள். கிரேஹவுண்டின் பல் சீக்கிரம் பழுதாகும். மணந்து, வாயில் எடுத்து, பிறகு போட்டால் பல் நோவு. பல் பிடுங்கிய கிழவன் நாய் குழைத்த சோற்றையும் முள் எடுத்த மீனையும் சந்தோசமாய்ச் சாப்பிடும். வெங்காயம் போட்ட குழம்பு வேண்டாம், வெங்காயம் நாயின் இரத்தத்தை உடைக்கும். முந்திரிகைப் (திராட்சை) பந்தல் வைத்திருப்பவர்கள் உதிர்ந்த பழத்தைக் கூட்டி எடுங்கள், அது சிறுநீரகத்தைச் சாகடிக்கும். அவித்த எலும்பு குத்தும், கொடுக்க வேண்டாம்.

எழும்பவே ஏலாமல் கிடக்கிறது

நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். ஒல்லி நாய்க்கு இடுப்பு எலும்பிலும் தோளிலும் படுக்கைப் புண் விரைவாய் வரும். துவாயை வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தூக்கி, முற்றத்துக்குக் கொண்டு போய்ச் சிறுநீர் கழிக்க வையுங்கள். இந்த நாய்கள் படுத்த இடத்திலேயே நனைவதை வெட்கமாய் உணர்கின்றன, முகத்திலேயே தெரியும். இருவர் பிடிக்க வேண்டிய வேலை இது. வீட்டில் அம்மா மட்டும் என்றால் அயலில் ஒரு பொடியனை இரண்டு நேரமும் வரச் சொல்லிக் கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் காசு அனுப்ப வேண்டியது முதலில் இதற்குத்தான்.

எப்போது விடுவது?

இதற்கும் பார்க்க வழி இருக்கிறது. உங்கள் நாய் விரும்பும் மூன்று காரியத்தை எழுதுங்கள். படலைக்கு ஓடுவது, மீன்காரரின் சைக்கிள் மணிக்குக் காது நிமிர்த்துவது, அப்பாவின் காலடியில் படுப்பது, எதுவோ. கலண்டரில் நல்ல நாளுக்கு ஒரு புள்ளடி, கெட்ட நாளுக்கு ஒரு வட்டம். மூன்றில் இரண்டு நின்று, வட்டம் புள்ளடியைத் தாண்டினால் வைத்தியரோடு கதைக்கும் காலம் வந்துவிட்டது. மூச்சுக்குத் திணறினால், மருந்துக்கு அடங்காமல் கத்தினால், கலண்டரைப் பார்க்க வேண்டியதில்லை.

“உயிரை எடுக்கிறது பாவம்” என்று அம்மம்மா சொல்வார். அவரோடு வாதாட வேண்டாம், பக்கத்தில் இருத்தி நாயின் முகத்தைப் பார்க்க வையுங்கள். நோவோடு கிடந்து, புண்ணில் புழு வைத்து, நாலு நாள் இழுத்துச் சாகிறது இயற்கையான சாவு என்று பெயர் வாங்கலாம். அது நாய்க்கு நல்ல சாவு இல்லை. இதை நான் முழு மனதோடு சொல்கிறேன்.

என்ன நடக்கும் என்று முதலே தெரிந்திருப்பது நல்லது. வைத்தியரை வீட்டுக்கு வரச் சொல்லிக் கேளுங்கள். முதலில் நித்திரை ஊசி போடச் சொல்லுங்கள். பிறகு காலின் இரத்தக் குழாயில் மயக்க மருந்தை அளவுக்கு மேல் ஏற்றுவார். சில விநாடியில் நினைவு போய்விடும், ஓரிரு நிமிடத்தில் இதயம் நிற்கும். கண் மூடாது. கடைசியாய் ஓரிரு பெருமூச்சு எழலாம், சிறுநீர் போகலாம். அதில் நோவு இல்லை, நினைவு முதலே போய்விட்டது. தலையை உங்கள் மடியில் வைத்துக்கொண்டு வழமையாய்க் கதைக்கிற மாதிரிக் கதையுங்கள். பிள்ளைகள் தொலைபேசியில் பார்க்க விரும்பினால் விடுங்கள், விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

எங்கள் வெக்கையில் அன்றைக்கே புதைக்க வேண்டும். நாலடி ஆழமாவது வேண்டும், ஊசி மருந்து உடலில் நிற்கும் என்பதால் வேறு நாய் தோண்டினால் அதுவும் சாகும். கிணற்றில் இருந்து நூறடியாவது தள்ளுங்கள். எங்கள் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல் வெடிப்பு வழியாய் ஓடுவது, கல்லு மேலேயே தட்டுகிற வளவில் புதைக்க வேண்டாம். மண் ஆழமான தோட்டக்காணி உள்ள உறவினரைக் கேளுங்கள். மாரியில் மேட்டு நிலம் பாருங்கள்.

சின்னப் பிள்ளைகளிடம் “நித்திரையாப் போட்டுது” என்று சொல்லாதீர்கள், நித்திரைக்குப் போகப் பயப்படும். செத்துவிட்டது, இனி வராது என்று சொல்லிக் கட்டிப்பிடியுங்கள். ஒரு நாய்க்கு இவ்வளவு அழுகையா என்று கேட்பவர்கள் வருவார்கள். பதில் சொல்ல வேண்டியதில்லை. தனியாய் இருக்கிற அப்பாக்களைக் கவனியுங்கள். காலை நடையை அவர்கள் நாயோடுதான் போயிருப்பார்கள், நாய் போனதும் நடையும் நின்றுவிடும். முதல் சில கிழமை யாராவது அந்த நேரத்துக்குப் போய் அவரோடு சந்தி வரைக்கும் நடக்க வேண்டும்.

வீட்டில் இரண்டாவது நாய் இருந்தால், புதைக்க முன் உடலை மணக்க விடுங்கள். இரண்டு மூன்று நாள் தேடும், படலையைப் பார்த்தபடி கிடக்கும், குறைவாய்ச் சாப்பிடும். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு நடை என்று பழைய ஒழுங்கை மாற்றாமல் வைத்திருங்கள். அதற்கு மேலும் சாப்பிடாவிட்டால் கவலையில் கிடக்கிறது என்று விடாமல் முரசையும் உண்ணியையும் பாருங்கள். இரண்டும் ஒரே வளவில் படுத்தவை.